கோடு கோடாய் ஒரு வரைபடம்: டாக்டர் ஜான் ஸ்னோவின் வாழ்க்கை



சுவர் இதழில் பெரியவர்கள் வாழ்க்கை வரலாறுன்னு சொன்னாலே எடிசன், நியூட்டன், மேரி கியூரி என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். நான் இந்த முறை ஜான் ஸ்னோ என்ற இங்கிலாந்து டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பல்பு கண்டுபிடிக்கவில்லை, ராக்கெட்டும் விடவில்லை. தெருத் தெருவாக நடந்தார், வீடு வீடாகக் கேட்டார், கேட்டதை ஒரு வரைபடத்தில் குறித்தார். அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குப் புயல், வெள்ளம், பூகம்பம் எது வந்தாலும் அதிகாரிகள் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து பார்த்துத்தான் எங்கே போவது என்று முடிவு செய்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு வழி காட்டியவர்களில் இவர் முக்கியமானவர்.

பிறப்பும் படிப்பும்

ஜான் ஸ்னோ 1813 மார்ச் 15 அன்று இங்கிலாந்தில் யார்க் என்ற ஊரில் பிறந்தார். அவர் வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். இவர்தான் மூத்தவர். அப்பா கூலி வேலை செய்தவர். அவர்கள் இருந்த தெரு ஆற்றங்கரையில் இருந்தது. ஏழைகள் குடியிருந்த பகுதி. ஆற்றில் தண்ணி ஏறினால் அந்தப் பக்கம்தான் முதலில் பாதிக்கும்.

14 வயதில் அவரை நியூகாசில் என்ற ஊரில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். 14 என்றால் என் வயசு. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அவர் அம்மா அப்பாவை விட்டு வேறு ஊருக்குப் போய் மருந்து அரைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

1831 கடைசியில் அந்தப் பக்கம் காலரா வந்தது. நம் பாட்டிமார்கள் வாந்திபேதி என்று சொல்வார்களே, அதுதான். வங்காளத்துப் பக்கம் நெடுங்காலமாக இருந்த அந்த நோய் 1817க்குப் பிறகு கப்பலோடும் படைகளோடும் நாடு நாடாகப் போய், அப்போதுதான் முதல்முறையாக இங்கிலாந்தை எட்டியிருந்தது. காலையில் நல்லா இருந்தவர் ராத்திரிக்குள் இறந்துபோவார். உடம்பில் இருக்கிற தண்ணி எல்லாம் வெளியே போய்விடும். கில்லிங்வொர்த் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்க ஸ்னோவை அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 18தான். எத்தனையோ பேர் கண் முன்னாடியே செத்தார்கள். அதை அவர் மறக்கவே இல்லை.

1836ல் லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1844ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். சோகோ என்ற நெருக்கமான பகுதியில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 17 வயதிலேயே மாமிசத்தை விட்டவர். மதுவை எதிர்த்துப் பேசியவர்.

மகாராணிக்கு மயக்க மருந்து

அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் நினைவு இருக்கும்போதே அறுப்பார்கள். 1846ல் ஈதர் என்ற மயக்க மருந்தும் 1847ல் குளோரோஃபார்மும் வந்தன. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பல பேருக்குச் சரியாகத் தெரியாது. கூடிப்போனால் ஆளே போய்விடுவார். ஸ்னோ அளந்து கொடுக்கக் கருவி செய்தார். 1853லும் 1857லும் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் ஆனபோது குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான். மருந்து ஆவியாகி மூச்சுக்குள் எப்படிப் போகிறது, எவ்வளவு தூரத்தில் அதன் வீரியம் குறைகிறது என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் காலரா விஷயத்தில் அவருக்குச் சந்தேகம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்ட காற்றா, கெட்ட தண்ணியா?

அப்போது பெரிய டாக்டர்கள் எல்லோரும் காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். சாக்கடை நாற்றம் மூக்கில் ஏறினால் நோய் வரும் என்பது அவர்கள் கருத்து. ஸ்னோ யோசித்தார். காற்றில் வந்தால் நெஞ்சில் அல்லவா முதலில் நோய் தெரிய வேண்டும்? இது வயிற்றில்தானே தொடங்குகிறது? அப்படியென்றால் வாய் வழியாகப் போன ஏதோ ஒன்றுதான் காரணம். நோயாளியின் கழிவு குடிதண்ணியில் கலந்து அடுத்தவர் வயிற்றுக்குப் போகிறது என்று 1849ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். யாரும் பெரிதாக ஏற்கவில்லை. கருத்து மட்டும் இருந்தால் போதாது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்ட வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டார்.

பிராட் தெரு

1854 ஆகஸ்ட் 31 அன்று ராத்திரி, அவர் முன்பு குடியிருந்த சோகோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றி காலரா பிடித்தது. 3 நாளில் 127 பேர் இறந்தார்கள். 10 நாளில் 500ஐத் தொட்டது. கடைசிக் கணக்கு 616. முடிந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். ஸ்னோ ஓடவில்லை.

அவர் செய்தது என்ன தெரியுமா? முதலில் இறப்புகளைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போய் அந்த வாரக் கடைசியில் இறந்த 83 பேரின் விவரத்தை வாங்கினார். கையில் பட்டியலோடு ஒவ்வொரு முகவரிக்கும் நடந்தார். பிராட் தெருவில் எல்லோரும் தண்ணி பிடிக்கிற ஒரு அடிபம்பு இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கத்திலேயே இருந்தவர்கள். 10 பேர் மட்டும் வேறு பம்புக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

இந்த 10 பேரை அவர் விட்டுவிடவில்லை. அந்த வீடுகளுக்கும் போய்க் கேட்டார். 5 பேர் வீட்டில் பக்கத்துப் பம்பை விட்டுவிட்டு, எப்போதும் பிராட் தெருத் தண்ணியைத்தான் எடுத்துவரச் சொல்வார்களாம். நம்ம ஊரிலும் வீட்டு வாசலில் குழாய் இருந்தாலும் ருசிக்காக நாலு தெரு தள்ளிப்போய்க் குடம் தூக்குகிறோமே, அதே கதைதான். இன்னும் 3 பேர் குழந்தைகள். அவர்கள் படித்த பள்ளிக்கூடம் பிராட் தெரு பம்புக்குப் பக்கத்தில் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. வீடு எங்கேயோ இருந்தாலும் தாகம் எடுத்தால் நாமும் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில்தானே தண்ணி குடிப்போம்?

இறக்காதவர்களைப் பற்றியும் அவர் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பக்கத்திலேயே ஏழைகள் தங்கும் விடுதி ஒன்றில் 535 பேர் இருந்தார்கள். காலராவில் இறந்தவர் 5 பேர் மட்டுமே. ஏன் என்று பார்த்தால், அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே பிராட் தெருவில் பீர் தயாரிக்கும் ஆலையில் 70க்கு மேல் தொழிலாளிகள். ஒருவரும் காலராவில் இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே குடிக்கக் கிடைத்தது, தனிக் கிணறும் இருந்தது. ஆனால் அதே தெருவில் துப்பாக்கிக்கு வெடிமூடி செய்யும் தொழிற்சாலையில் பம்புத் தண்ணியைத் தொட்டியில் நிரப்பி வைப்பார்கள். சுமார் 200 பேரில் 18 பேர் இறந்தார்கள். காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். தண்ணிதான் வேறு.

இன்னொன்றும் உண்டு. ஹாம்ஸ்டெட் என்ற தூரத்து இடத்தில் ஒரு வயதான அம்மா காலராவில் இறந்தார். அந்த இடத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லை. விசாரித்தால், முன்பு பிராட் தெருவில் இருந்தவராம். அந்தத் தண்ணியின் ருசிக்காகத் தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் குடித்தார், ஊருக்குத் திரும்பி இறந்தார்.

செப்டம்பர் 7 அன்று சாயங்காலம் ஸ்னோ அந்தப் பகுதி நிர்வாகக் குழுவிடம் போய் இதையெல்லாம் எடுத்துச் சொன்னார். அவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். கைப்பிடி இல்லாமல் யாரும் அடிக்க முடியாது இல்லையா?

வரைபடம்

பல புத்தகங்களில் வரைபடத்தைப் பார்த்த உடனே அவர் கண்டுபிடித்தார் என்று கதை மாதிரி போட்டிருக்கும். அது சரியில்லை. நடந்ததும் கேட்டதும்தான் முதலில். வரைபடம் பிறகு வந்தது. 1854 டிசம்பரில் அதைக் கூட்டத்தில் காட்டினார். 1855ல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அச்சிட்டார். நோய்க்கு வரைபடம் போட்டவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் இவர் போட்ட விதம் வேறு.

ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டு வாசலில் ஒரு சின்னக் கறுப்புக் கோடு. 2 பேர் என்றால் 2 கோடு. கோட்டின் மேல் கோடு அடுக்குவார். அந்தப் பகுதியில் இருந்த 13 பம்புகளையும் குறித்தார். பார்த்தால் பிராட் தெரு பம்பைச் சுற்றிக் கோடுகள் செங்கல் அடுக்கின மாதிரி குவிந்திருக்கும். தள்ளிப் போகப் போகக் குறையும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

பிறகு அதிலேயே இன்னொரு வேலை செய்தார். எந்தெந்த வீட்டிலிருந்து நடந்து போனால் பிராட் தெரு பம்பு பக்கம், எங்கிருந்து வேறு பம்பு பக்கம் என்று பார்த்து ஒரு எல்லைக்கோடு போட்டார். காக்கா பறக்கிற தூரம் இல்லை, மனுஷர் சந்து பொந்தில் நடக்கிற தூரம். அந்தக் கோட்டைத் தாண்டினால் சாவு குறைந்துவிட்டது. இன்றைக்குப் புயல் காலத்தில் எந்தத் தெருக்காரர் எந்த முகாமுக்குப் போக வேண்டும் என்று பிரிக்கவும் இதே கணக்குத்தான் உதவுகிறது.

எதிர்த்தவரே உதவினார்

ஹென்றி ஒயிட்ஹெட் என்ற உதவிப் பாதிரியார் அந்தப் பகுதியில் வேலை செய்தார். ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கத்தான் அவர் விசாரிக்கத் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு குடும்பமும் அவருக்குப் பழக்கம். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதே சரி என்று தெரிந்தது. முதல் நோயாளி யார் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். பம்புக்கு எதிரே 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன் துணியை அலசிய தண்ணியை அம்மா வீட்டு மலக்குழியில் ஊற்றியிருக்கிறார். 1855ல் தோண்டிப் பார்த்தார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 3 அடிகூட இல்லை. செங்கல் எல்லாம் உதிர்ந்து, கழிவு கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் நின்றது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே மக்கள் ஓடிவிட்டதால் நோய் குறையத் தொடங்கிவிட்டது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு விஷயம் கேளுங்கள். கைப்பிடியைக் கழற்றிய அதே செப்டம்பர் 8 அன்றுதான் அந்தக் குழந்தையின் அப்பாவுக்கும் காலரா வந்தது. அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போனது. பம்பு ஓடிக்கொண்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து சாவு தொடங்கியிருக்கும். வராமல் போன அந்தச் சாவை யாராலும் எண்ண முடியாது.

இரண்டு கம்பெனித் தண்ணி

அதே 1854ல் தெற்கு லண்டனிலும் ஸ்னோ வீடு வீடாகப் போனார். அங்கே ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வேறு வேறு கம்பெனி தண்ணி கொடுத்தது. ஒரு கம்பெனி லண்டன் சாக்கடை கலக்கிற இடத்தில் தேம்ஸ் ஆற்றுத் தண்ணியை எடுத்தது. இன்னொன்று 1852லேயே ஆற்றின் மேல்பக்கம் சுத்தமான இடத்துக்கு மாறிவிட்டது. முதல் கம்பெனித் தண்ணி குடித்த 10,000 வீட்டுக்கு 315 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் 10,000 வீட்டுக்கு 37 பேர். எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

மறைவும் பிறகு வந்த புகழும்

இவ்வளவு காட்டியும் சுகாதார வாரியம் கெட்ட காற்றுதான் என்றே சொன்னது. 1858 ஜூன் 10 அன்று புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்னோவுக்குப் பக்கவாதம் வந்தது. ஜூன் 16 அன்று இறந்தார். வயது 45தான். லான்செட் என்ற பெரிய மருத்துவப் பத்திரிகை அவர் மறைவைப் பற்றிச் சில வரிதான் போட்டது. காலராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2013ல், அவர் பிறந்து 200 வருஷம் ஆனபோது, அந்தப் பத்திரிகையே அது குறை என்று திருத்தம் போட்டது.

1854லேயே இத்தாலியில் பாசினி என்பவர் காலரா கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. 1884ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து அந்தக் கிருமிதான் காரணம் என்று உலகத்துக்குக் காட்டினார். மக்கள் குடித்த குளத்துத் தண்ணியிலும் அது இருந்தது. ஸ்னோ கிருமியைப் பார்க்காமலே, பாதையை மட்டும் பார்த்துச் சொன்னது சரியாகிவிட்டது.

இன்றைய வரைபடம்

இப்போது பேரிடர் வரைபடம் காகிதத்தில் மட்டும் இல்லை. டிரேசிங் தாள் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒரு அடுக்கில் வீடுகள், ஒன்றில் ரோடு, ஒன்றில் தாழ்வான நிலம், ஒன்றில் ஆஸ்பத்திரி. திரையைத் தொட்டால் வேண்டியது வரும், வேண்டாதது மறையும். வெள்ளம் இவ்வளவு உயரம் வந்தால் எந்த ரோடு முழுகும் என்று முன்னாடியே கேட்டுப் பார்க்கலாம். ஸ்னோ வீட்டையும் பம்பையும் ஒரே தாளில் வைத்தார். இன்று இருபது விஷயத்தை வைக்கிறார்கள்.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டில் பெரிய பூகம்பம் வந்தது. அதன் தலைநகருக்குச் சரியான வரைபடம் கம்ப்யூட்டரில் இல்லை. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருத் தெருவாக ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் வரைந்தார்கள். சில நாளிலேயே மீட்புக்குழுக்கள் அதை வைத்து வழி பார்த்தன. அதே வருஷம் அக்டோபரில் அங்கே காலரா வந்தது. பியாரூ என்ற பிரெஞ்சு டாக்டர், முதலில் நோய் வந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போய், ஐ.நா. படை முகாம் ஒன்றின் கழிவு கலந்த கிளையாற்றைக் காட்டினார். 156 வருஷம் கழித்தும் ஸ்னோவின் வழிதான்.

முடிவுரை

எனக்குப் புரிந்தது இதுதான். கம்ப்யூட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எந்த வீட்டுக்காரர் எந்தத் தண்ணி குடிக்கிறார் என்று அதற்குத் தானாகத் தெரியாது. யாராவது நடந்துபோய்க் கேட்டால்தான் வரைபடத்தில் ஏறும். ஸ்னோ நோய் வந்த பிறகு கேட்டார். நாம் வருவதற்கு முன்னாடியே கேட்கலாம்.

அதனால் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் சார்பாக ஒரு வேண்டுகோள். நம் ஊர்த் தெருக்களை ஒரு பெரிய சார்ட் தாளில் வரையப்போகிறோம். கிணறு, போர், மேல்நிலைத்தொட்டி, மழைக்கு முதலில் தண்ணி நிற்கிற இடம், நடக்க முடியாத தாத்தா பாட்டி இருக்கிற வீடு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். உங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, தெருப் பெயரோடு எங்கள் வகுப்பில் கொடுங்கள். பக்கத்துக் குழாயை விட்டுவிட்டுத் தள்ளிப் போகிறவர்கள், ஏன் என்றும் மறக்காமல் எழுதுங்கள். ஸ்னோவுக்கு உண்மையைச் சொன்னது அந்த மாதிரி வீடுகள்தான்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி